புத்தகத்தைக் கோயிலில் விட்டுப் போகாதீங்க

கோயில் தொண்டு செய்றவன் என்ற முறையில் ஒன்று சொல்றேன், கோபப்பட வேண்டாம்.

முன்பெல்லாம் உடைந்த சாமி படங்களைத்தான் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். இப்போ அட்டைப்பெட்டியில் புத்தகங்களும் வருது. பெரியபுராணம், ராஜாஜியின் வியாசர் விருந்து, நம் நாட்டு எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம். கேட்டால், "தாத்தா தவறிட்டார், வீட்ல தமிழ் படிக்க ஆள் இல்லை" என்கிறார்கள்.

நினைவுச் சின்னம் சயாம் மரண ரயில் பற்றிய நாவல். 1942, 43-இல் அந்தப் பாதை போடத் தோட்டத்து சனங்களை ஜப்பான்காரன் கொண்டு போனான். பல பேர் திரும்பவே இல்லை. அதை நாம் சொல்லாமல் பேரப்பிள்ளைக்கு வேறு யார் சொல்வது?

பேரனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பீர்கள். காது இருக்குல்ல? கண்ணப்ப நாயனார் கதையை நம்மில் பாதிப் பேர் காதால் கேட்டுத்தானே தெரிந்துகொண்டோம்! தூங்கும் முன் பத்து நிமிடம் படித்துக் காட்டுங்க. இடையில் மலாயில் விளக்கினாலும் தப்பில்லை.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அம்பாள் முன் அடுக்குகிறோம். மறுநாள் விஜயதசமியில் எடுத்துப் படிக்கணும். நாமோ எடுத்து அலமாரியில் பூட்டுகிறோம்.

இந்த வருஷம் தாத்தா பாட்டிகள் தங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு புத்தகம் கொண்டு வாங்க. ஏன் பிடிக்கும் என்று முதல் பக்கத்தில் கைப்பட எழுதுங்க. விஜயதசமியன்று மண்டபத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கம் படிங்க. பாய் விரித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.