மலை இறங்கும்போதும் ‘டி’யிலேயே போகலாமா?

“ஏறின கியர்லயே இறங்கணும்!” மலைப்பாதையில் கார் ஓட்டப் பழகியவர்கள் எல்லோரும் கேட்ட பாடம் இது. கியரே மாற்ற வேண்டாத சிவிடி ஆட்டோமேட்டிக் காரில் என்ன செய்வது? லீவரில் டி, எஸ், எல் என்று எழுத்துகள் இருந்தாலும் நம்மில் பலர் டி-யைத் தாண்டுவதே இல்லை.

உங்கள் வீட்டு ஆக்டிவாவில் இருப்பதும் சிவிடிதான். இரண்டு புல்லிகள், அவற்றை இணைக்கும் ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட். இன்றைய கார்களில் பெரும்பாலும் ஸ்டீல் பெல்ட். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புகள். அவை நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் நடுவை நோக்கி இறங்கும். ஒரு புல்லியில் ஏறும்போது மற்றதில் இறங்கும். அதனால் முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிக்கட்டு இல்லை. சாய்தளம்போல சீராக மாறும். 1958-லேயே நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இதைக் காரில் கொண்டுவந்துவிட்டது.

இனி அந்த எழுத்துகள். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

டி: தினசரி ஓட்டத்துக்கு. இன்ஜினை முடிந்தவரை மெதுவாகச் சுற்றவிட்டு மைலேஜ் தரும்.

எஸ்: ஓவர்டேக், ஏற்றத்துக்கு. அதே வேகத்தில் இன்ஜின் அதிகமாகச் சுற்றும்; இழுவை உடனே கிடைக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகும்.

எல்: செங்குத்தான ஏற்ற இறக்கத்துக்கு. மேனுவல் காரின் கீழ் கியர் மாதிரி.

ஈகோ பட்டன்: ஆக்சிலரேட்டரின் துடிப்பைக் குறைக்கும். நகரத்துக்குச் சரி, மலைக்கு வேண்டாம்.

கவனிக்க வேண்டியது இறக்கம்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. டி-யில் இறங்கினால் இன்ஜின் காரைப் பிடித்து நிறுத்துவது குறைவு. வேகம் கூடக் கூட பிரேக்கையே மிதிப்போம். பேட் சூடேறி பிடிமானம் குறையும். கருகிய வாடை வரும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். சரிவை உணர்ந்து தானே உதவும் கார்களும் உண்டு. ஆனாலும் முழுப் பொறுப்பையும் அதனிடம் விட வேண்டாம்.

இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து எஸ்-க்கு மாற்றுங்கள். சரிவு அதிகமென்றால் எல். இன்ஜின் உறுமும், ஆர்பிஎம் முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொடாதவரை பயம் வேண்டாம். இன்ஜின் காரைப் பிடித்துவைத்திருக்கும் சத்தம் அது. பிரேக்கை வளைவுகளில் மட்டும் அழுத்தி, விட்டுவிடலாம். வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

‘நியூட்ரல்ல இறங்கினா பெட்ரோல் மிச்சம்’ என்பார்கள். நம்பாதீர்கள். லீவர் எஸ், எல்-லில் இருக்க, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய கார்கள் பெட்ரோல் போவதைத் தாமே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கப் பெட்ரோல் செலவாகும். கூடவே, காரைப் பிடிக்க பிரேக்கைத் தவிர வேறு எதுவும் இருக்காது.