பாக்கெட்டுக்குள் இருப்பது எந்தப் பூஞ்சை?

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா மக்காச்சோள வயல்களில் ஒரு புதுப் புழு தென்பட்டது. உருவத்தை மட்டும் நம்பாமல் டிஎன்ஏ வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவைச் சூறையாடிய படைப்புழுதான் அது என்று அறிவியலாளர்கள் உறுதி செய்தார்கள். அடுத்த சில மாதங்களில் அது தமிழ்நாடு, இலங்கை, மியான்மர் என்று பரவிவிட்டது. புழுவை அடையாளம் காண்பதில் காட்டிய இந்தக் கண்டிப்பை, அதைக் கொல்ல நாமே வயலில் விடும் பூஞ்சையிடம் காட்டுகிறோமா? இல்லை. அதுதான் ஆபத்து.

மெட்டாரைசியம், பிவேரியா ஆகிய பூஞ்சைகளின் வித்துகள் பூச்சியின் தோலில் ஒட்டி முளைத்து, உள்ளே துளைத்துச் சென்று அதைக் கொல்கின்றன. ரசாயன மருந்துகளுக்கு நல்ல மாற்று இவை. அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் இவற்றைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் விவசாயி கடையில் வாங்கும் பொடியில் இருப்பது பரிந்துரைக்கப்பட்ட பூஞ்சைதானா என்று யார் பார்த்துச் சொல்வது?

நம் தரக்கட்டுப்பாடு முதலில் பார்ப்பது எண்ணிக்கையை. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும். நோய் உண்டாக்கும் பாக்டீரியா கலந்திருக்கக் கூடாது. தேவையான விதிகள்தான், ஆனால் போதுமானவை அல்ல. பச்சை நிறத்தில் வளரும் இரண்டு மெட்டாரைசியங்களை நுண்ணோக்கியில் வைத்தால் அனுபவசாலிகூடத் தடுமாறுவார். 2009இல் பிஷாஃப், ரெனர், ஹம்பர் ஆகிய ஆய்வாளர்கள் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது, ‘மெட்டாரைசியம் அனிசோபிலியே’ என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று வெட்டுக்கிளிக் குடும்பத்தையே குறிவைப்பது. 2020இல் சோமாலியாவில் பாலைவன வெட்டுக்கிளிகள் மீது தெளிக்கப்பட்டது அந்த இனம்தான். அதையே மக்காச்சோளக் குருத்தில் தெளித்தால் படைப்புழு சாகாது. விவசாயியோ பூஞ்சை மருந்தே ஏமாற்று என்று முடிவுகட்டி, மறுபடியும் ரசாயனக் கடைக்கே போவார்.

இன்னொரு கவலை பட்டு விவசாயிகளுடையது. பிவேரியாவின் கதை தொடங்கியதே பட்டுப்புழுவில்தான். புழு சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து விறைத்துச் சாகும் மஸ்கார்டின் நோய்க்கு இந்தப் பூஞ்சையே காரணம் என்று இத்தாலியின் அகஸ்டினோ பாஸ்ஸி 1835இல் நிறுவினார். உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் மக்காச்சோளமும் உண்டு, தென்னையும் உண்டு, மல்பெரியும் உண்டு. நாளை ஒரு வளர்ப்பு மனையில் இந்த நோய் வந்தால், அது பக்கத்து வயலில் தெளித்த பிவேரியாவா, இயற்கையாகவே அங்கிருந்ததா? டிஎன்ஏ சோதனை இல்லாமல் பழியும் போட முடியாது, நிவாரணமும் கேட்க முடியாது.

முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளின் வேரைத் தின்னும் வண்டுப்புழுவுக்கு எதிராக, பூஞ்சை வளர்த்த பார்லி மணிகளை மண்ணில் புதைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே மண்ணை எடுத்து, மைக்ரோசாட்டிலைட் என்னும் மரபணு அடையாளங்களின் துணையோடு, தாங்கள் இட்டது எது, முன்பே இருந்தது எது என்று பிரித்தறிந்தார்கள்.

இது எல்லைக்குள் அடங்கும் பிரச்சினையும் அல்ல. பெகு, ஐராவதிப் பகுதிகளில் நெல் அறுவடைக்குப் பின் விளையும் உளுந்து யாங்கூன் துறைமுகத்தில் கப்பலேறி நம் இட்லிப் பானைக்கு வருகிறது. 2021 புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தையும் 1 லட்சம் டன் துவரையையும் மியான்மரிடமிருந்து வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த நாட்டிலோ எல்லை தாண்டி வந்து, உள்ளூர் மொழியில் லேபிள்கூட இல்லாமல் விற்கப்படும் பூச்சிமருந்துகள் நெடுநாள் தொல்லை. உயிருள்ள பூஞ்சையும் அதே வழியில் அடையாளமின்றிப் புழங்கத் தொடங்கினால், தெளித்த பின் திரும்பப் பெற முடியாது.

செலவாகும் என்பார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு, டிஎன்ஏ சோதனைக்கு உதவும் பிசிஆர் கருவி தெரியாத மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. டிஎன்ஏ சோதனைக்கும் எல்லை உண்டு: செத்த வித்தின் டிஎன்ஏவும் அதில் தெரியும். ஆகவே உயிருள்ள வித்துகளை எண்ணுவதும் தொடர வேண்டும், அடையாளம் பார்ப்பதும் சேர வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று. பதிவு பெற்ற ஒவ்வொரு பூஞ்சையின் மரபணு அடையாளத்தையும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியம் பொதுவெளியில் வைக்க வேண்டும். கடைகளில் எடுக்கும் மாதிரிகளை மாநில ஆய்வகங்கள் அதனோடு ஒப்பிட்டு முடிவை வெளியிட வேண்டும். அந்த அடையாளப் பட்டியலை மியான்மர், இலங்கை நாடுகளின் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வகங்களுடனும் பகிர வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்து ஆள் மாறியிருந்தால், அந்தப் பாக்கெட்டும் போலிதான். வரும் மக்காச்சோளப் பருவத்துக்குள் அரசு இந்தச் சோதனையைத் தொடங்கியாக வேண்டும்.