கர்ப்பிணிகளை விலக்கிவைத்த ஆராய்ச்சி

உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று மாதம் நிறையுமுன்பே பிறந்துவிடுகிறது என்றும், 2020ஆம் ஆண்டில் அவ்வாறு பிறந்த 1 கோடியே 34 லட்சம் சிசுக்களில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை என்றும் உலக சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்து உழைத்த நிபுணர்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தத்தை ஏற்றி, வலிப்பு வரையில் கொண்டுபோய்விடும் பிரீ-எக்லாம்ப்சியா என்னும் நோயோ, ஆண்டுதோறும் சுமார் 46,000 தாய்மாரைப் பலி கொள்கிறது. இத்தனை பெரிய துயரத்தைப் பற்றி வைத்திய சாஸ்திரம் அறிந்திருப்பது இவ்வளவு சொற்பமாக இருப்பதற்குக் காரணங்கள் பல உண்டென்றாலும், அவற்றுள் தலையாயது, கர்ப்பிணிகளை ஆராய்ச்சிக்குப் புறம்பாக நிறுத்திவைப்பதே அவர்களைக் காக்கும் வழி என்று நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். அந்த எண்ணம் பிழையானது. இந்த நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டிலேயே, நம் பெண்களிடையே, அவர்களுடைய முழுச் சம்மதத்துடன் பெருமளவில் நடைபெற வேண்டும் என்பதே நம் திடமான அபிப்பிராயம்.

மாதமாக இருப்பவளுக்குக் கால் வீங்குவது சகஜம் என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவதுண்டு. பெரும்பாலும் அது உண்மையே. ஆனால், இருபதாவது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் காணப்பட்டு, தலைவலியும் கண் மங்கலும் வந்து சேருமானால், அது வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் விஷயமன்று. நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் இரத்தக் குழாய்கள் ஆரம்ப மாதங்களில் போதுமான அளவு விரிந்துகொடாமற்போனால், நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறைந்து, அதிலிருந்து சில புரதங்கள் தாயின் இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று தாயின் இரத்தக் குழாய்களை எவ்விதம் கெடுக்கிறது என்பதை, போஸ்டன் நகரில் பணியாற்றிய இந்திய வம்சாவளியினரான டாக்டர் அனந்த் கருமாஞ்சியும் அவருடைய சகாக்களும் 2003இல் எலிகளைக் கொண்டு நிரூபித்தார்கள். ஆயினும், நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை கிடைக்கவில்லை. நஞ்சுக்கொடி வெளியேறினாலன்றி நோய் தணியாது என்பதால், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு, மாதம் நிறையாத சிசுவை முன்கூட்டியே வெளியே எடுக்க வேண்டிய நிலைக்கு மருத்துவர் தள்ளப்படுகிறார். தாயின் வியாதி இவ்வாறு குழந்தையின் குறைமாதமாகிவிடுகிறது.

கர்ப்பிணிகளிடம் எம்மருந்தையும் பரிசோதிக்கலாகாது என்னும் அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, தூக்கத்துக்கும் மசக்கைக்கும் ஏற்றதென்று பல நாடுகளில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மாத்திரை, 1961 இறுதியில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள், பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஊனமாக்கிவிட்டது. அந்தப் பயங்கரத்தின் நினைவு மறையாதிருந்த 1977இல், கருத்தரிக்கக்கூடிய பெண்களையே ஆரம்பக் கட்ட மருந்துச் சோதனைகளினின்றும் விலக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் வழிகாட்டியது. ஆனால், தாலிடோமைடு தீங்கு விளைத்தது ஆராய்ச்சி நடந்ததனால் அன்று. கர்ப்பத்தில் அது என்ன செய்யும் என்பதை ஆராயாமலே விற்றதனால் விளைந்த தீங்கு அது. சோதனை நடக்கவில்லை என்பதற்காகக் கர்ப்பிணிகள் மருந்து உண்ணாமல் இருந்துவிடுகிறார்களா? ஆஸ்துமாவும் நீரிழிவும் காக்காய்வலிப்பும் உள்ள பெண்களும் கருத்தரிக்கத்தான் செய்கிறார்கள்; அவர்களுக்கு மருத்துவர் அனுமானத்தின் பேரில் எதையாவது எழுதிக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது; அதன் பலன் பெரும்பாலும் குறித்துவைக்கப்படுவதில்லை. கொரோனாத் தடுப்பூசியின் முதற்பெரும் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படாமற்போனதன் விளைவாக, நம் நாட்டில் அவர்களுக்குத் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டது 2021 ஜூலையில், கொடிய இரண்டாம் அலை வந்துபோன பிறகுதான் என்பதை நாம் மறந்துவிடுவதற்கில்லை.

ஆராய்ச்சி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும், அதன் முடிவை ஏற்கத் தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து வரலாறு ஒன்றே போதும். அங்கே தேசிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய கிரஹாம் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று அறிய வேண்டி, சினையாடுகளின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு மருந்தைச் செலுத்திவந்தார். அவ்வளவு இளங்குட்டிக்கு நுரையீரல் விரிவதற்கே வழியில்லை என்று கருதப்பட்ட பருவத்தில் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டதைக் கண்டு, தாம் தேடியதை விட்டுத் தாம் தேடாத அதனைப் பற்றிக்கொண்டார். குழந்தை மருத்துவரான ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவம் நேரும் நிலையிலிருந்த 282 தாய்மாரிடம் அவர் நடத்திய சோதனையின் முடிவு 1972இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் முதல் வாரத்துக்குள் இறந்தவை நூற்றுக்கு மூன்று. பெறாதவர்களின் குழந்தைகளிலோ நூற்றுக்குப் பதினைந்து. விலை மலிந்த ஓர் ஊசிக்கு இவ்வளவு சக்தி இருப்பது கண்டும், மருத்துவ உலகம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. மேலும் மேலும் சோதனைகள் நடந்து, அவற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்த பிறகே ஐயம் நீங்கியது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய மாநாடு அம்மருந்தைப் பரவலாக அளிக்கும்படி பரிந்துரைத்தது 1994இல். இடையில் கழிந்த இருபத்திரண்டு ஆண்டுகளில், பிழைத்திருக்கக்கூடிய எத்தனை சிசுக்கள் மூச்சுத் திணறி மாண்டன என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. நமக்கு மிக முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. செல்வ நாடுகளில் பயன் தந்த அதே ஊசியை, இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களுக்குக் கொண்டுசென்று பரப்பிப் பார்த்த ஒரு பெருஞ்சோதனையின் முடிவு 2015இல் வெளியானபோது, எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் மரணம் குறையவில்லை என்பதோடு, மொத்தத்தில் சிசு மரணம் சற்றே கூடியிருந்ததும் தெரியவந்தது. கர்ப்பம் எத்தனை வாரம் என்பதைத் திட்டமாக அறிய வசதியில்லாத இடங்களில், மாதம் நிறைந்த பெண்கள் பலருக்கும் ஊசி போடப்பட்டது இதற்கு ஒரு முக்கியமான காரணமாகக் கருதப்பட்டது. அப்படியானால் அம்மருந்து ஏழை நாடுகளுக்கு ஆகாதா? இக்கேள்விக்கு விடை காண, உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரக் கணக்கை உறுதிசெய்துகொண்டு, 2,852 பெண்களிடம் மறுபடியும் சோதனை நடத்தியது. 2020இல் வெளிவந்த அதன் முடிவின்படி, மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 19.6 சதவிகிதமும், பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவிகிதமும் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன. ஆக்லாந்தில் கண்ட உண்மை நம் மண்ணிலும் உண்மையே, ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு என்பது, இங்கே ஆராய்ந்ததனால் மட்டுமே நமக்குக் கிட்டிய ஞானம்.

அந்த நிபந்தனைகளுள் முதன்மையானது வாரக் கணக்கு. அதனைக் கணிப்பதற்கு நம் ஸ்கேன் நிலையங்கள் வழக்கமாகக் கையாளும் சூத்திரங்கள் மேனாட்டுக் கர்ப்பிணிகளை அளந்து வகுக்கப்பட்டவை. 2015இல் அரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் தொடங்கி, பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ‘கர்பினி’ ஆய்வின் விவரங்களைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யின் விஞ்ஞானிகளும் ஃபரீதாபாத் ஆராய்ச்சியாளர்களும் இந்தியச் சிசுக்களுக்கே உரிய கணிப்பு முறையை அமைத்திருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி மருத்துவ விஞ்ஞான நிலையமும் அம்முயற்சியில் பங்குகொண்டன. இவ்வாறே, நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் கால்சியம் செய்யும் அதே வேலையைப் பிரீ-எக்லாம்ப்சியாவைத் தடுப்பதில் 500 மில்லிகிராமே செய்துவிடுகிறது என்பது, பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலைப்பிள்ளை உண்டான பெண்களிடம், ஒவ்வோர் இடத்திலும் 11,000 பேர் வீதம், நடத்திய சோதனையால் 2024இல் தெளிவாயிற்று. இவை போன்றவை இன்னும் பத்து மடங்கு நடைபெற வேண்டும்.

ஏழைப் பெண்களைச் சோதனைப் பொருளாக்குவதா என்று கேட்பவர்களின் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. லிக்கின்ஸ் உழைத்த அதே ஆக்லாந்து மருத்துவமனையில், அதே ஆண்டுகளில், கருப்பை வாயில் புற்றுநோயின் முற்குறி கண்ட பெண்கள் சிலருக்கு, அவர்களிடம் சொல்லாமலே, உரிய சிகிச்சை அளிக்காமல் வெறுமனே கவனித்துவந்தார்கள். சிலர் அதனால் புற்றுநோய்க்கு ஆளானார்கள். நீதிபதி கார்ட்ரைட்டின் விசாரணை 1988இல் அக்கொடுமையை வெளிப்படுத்தி, நோயாளியின் உரிமைகளை அந்நாட்டின் சட்டமாக்க வழிகோலியது. ஒரே கூரையின் கீழ் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளுள் ஒன்று புண்ணியமாகவும் மற்றது பாதகமாகவும் ஆனதற்குக் காரணம் ஆராய்ச்சி என்பதன் இயல்பில் இல்லை. பெண்ணுக்கு உண்மை சொல்லப்பட்டதா, அவள் நலம் முன்வைக்கப்பட்டதா என்பதில் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு வரும் ஒரு பெண், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போவதைச் சம்மதம் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தரப்பட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் வகுத்திருக்கின்றன. அவை ஏட்டில் மட்டும் இருத்தலாகாது.

தமிழ்நாட்டில் 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி லட்சம் பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். அதே காலத்தில் இந்தியா முழுவதற்குமான கணக்கு 97. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடிச் சென்று ஒவ்வொரு கர்ப்பத்தையும் பதிவு செய்யும் ஏற்பாடு இங்கே வேரூன்றியிருக்கிறது. இத்தகைய வசதி வாய்ந்த மாநிலம், பிறர் கண்டறிந்ததைப் பெற்றுக்கொள்வதோடு திருப்தியடைதல் தகாது. மாநில அரசு தன் மருத்துவக் கல்லூரிகளில் கர்ப்பகால ஆராய்ச்சிக்கென நிரந்தரமான நிதி ஒதுக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கர்ப்பிணிகளைச் சோதனையிலிருந்து விலக்குவோர் அதற்குரிய விஞ்ஞானக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதிக்க வேண்டும். நிரூபணமான முடிவுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சென்றடைய இன்னொரு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அரசும் கழகமும் ஏற்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுப் பெண்ணிடம் ஒரு மருத்துவமனை ஆராய்ச்சியில் சேரும்படி கேட்குமானால், அஞ்சி உடனே மறுத்துவிடாதீர்கள். மரியாதைக்காகத் தலையாட்டியும் விடாதீர்கள். என்ன மருந்து, எதற்காக, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு, இடையில் விலகிக்கொள்ளலாமா என்று தமிழில் கேட்டு, தமிழில் பதில் பெற்று, அதன் பின் அவளையே முடிவு செய்ய விடுங்கள்.