முடி உதிர்வதற்காக மைதானத்தை விட்டு விலகலாமா?

நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி பின்வாங்கத் தொடங்கியதும், நம் இளைஞர்களில் பலர் மருத்துவரைத் தேடுவதற்கு முன்பாகக் குற்றவாளியைத் தேடுகின்றனர். வியர்வை, தலைக்கவசம், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், வளைகுடா நாட்டுத் தண்ணீர், நாள்தோறும் அணியும் தொப்பி என ஒவ்வொன்றின் மீதும் பழி விழுகிறது. முடிவில் கைவிடப்படுவது பெரும்பாலும் உடற்பயிற்சியே. மாலைதோறும் கால்பந்து ஆடியவர் வியர்வைக்கு அஞ்சி வீட்டில் அமர்ந்துவிடுகிறார். எடை தூக்கிப் பயின்றவர் பயிற்சியை நிறுத்திவிட்டு எண்ணெய்ப் புட்டிகளை வாங்கி அடுக்குகிறார். முடியும் நிற்பதில்லை, உடல்நலமும் கைநழுவுகிறது. இந்தப் பிழையான கணக்கை நம் சமுதாயம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்களின் வழுக்கைக்குப் பெரும்பாலும் காரணம் பரம்பரைத் தன்மையே. உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் ஒரு பகுதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. அதற்கு எளிதில் ஆட்படும் இயல்பைப் பிறப்பிலேயே பெற்ற மயிர்க்கால்கள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகின்றன. அவற்றிலிருந்து முளைக்கும் முடி மெலிந்து, குட்டையாகி, இறுதியில் முளைக்காமலே போகிறது. இந்த இயல்பு தாய்வழியிலும் வரலாம், தந்தைவழியிலும் வரலாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. ஆகவே சீப்பில் சிக்கிய முடியை எண்ணிக் கலங்குவதை விட, நெற்றி ஓரமும் உச்சியும் மெலிகின்றனவா என்று கவனிப்பதே அறிவுடைமை.

இப்போது பழி சுமந்தவற்றைப் பார்ப்போம். வியர்வை மயிர்க்காலைச் சுருக்குவதில்லை. அதைக் கழுவாமல் விட்டால் அரிப்பும் பொடுகும் மிகலாம். பயிற்சி முடிந்ததும் தலையை அலசிவிட்டால் போதும். தலைக்கவசமும் தொப்பியும் வழுக்கையை உண்டாக்குவதில்லை. அவற்றின் உட்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொண்டால் சரி. உப்புத் தண்ணீரும் நீச்சல் குளத்துக் குளோரினும் முடியின் தண்டைச் சொரசொரப்பாக்கி முறியச் செய்யலாம், வேரை அழிப்பதில்லை. வளைகுடாவுக்குச் சென்ற பிறகே முடி கொட்டியது என்று கூறுவோர் பலர். அவர்கள் அங்கே செல்லும் வயதே பரம்பரை வழுக்கை தலைகாட்டும் வயதும் ஆகும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அதே வேளையில், உடற்பயிற்சியைச் சூழ்ந்துள்ள சில பழக்கங்கள் உண்மையிலேயே முடியைப் பாதிக்கின்றன. அவற்றுள் முதலாவது, தசையை விரைவில் பெருக்குவதற்காகப் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டு ஊசிகள். வழுக்கை இயல்புள்ளவருக்கு இவை முடியிழப்பை விரைவுபடுத்தும்; இதயத்துக்கும் கல்லீரலுக்கும் விளைவிக்கும் கேடு அதைவிடப் பெரிது. இரண்டாவது, சில வாரங்களில் எடையைக் குறைக்கும் கடும் பட்டினி. புரதமும் இரும்புச் சத்தும் குன்றினால், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலை முழுவதும் முடி கொத்தாக உதிரும். டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின் உதிர்வதும் இவ்வகையே. பெரும்பாலும் சில மாதங்களில் அது தானே சீராகிவிடும். மூன்றாவது, நீள முடியை இறுக்கிக் கட்டும் வழக்கம். இடைவிடாத இழுப்பு வேரைச் சேதப்படுத்தும்.

கிரியேட்டின் குறித்த அச்சமும் பரவலாக உள்ளது. தென்னாப்பிரிக்காவில் ரக்பி வீரர்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதை உட்கொண்டவர்களின் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் அளவு உயர்ந்ததாகக் கண்டனர். ஆனால் அவர்களுக்கு முடி உதிர்ந்ததா என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. அளக்கப்படாத ஒன்றை மெய்யென்று பரப்புவது முறையன்று.

வீண்பழி சுமத்துவதில் நாம் இழப்பது காலத்தையே. இருக்கும் முடியைக் காப்பது எளிது. முற்றிலும் அழிந்த மயிர்க்காலை மருந்தால் மீட்பது அரிது. மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்ட மருந்து. ஆண்களின் வழுக்கைக்குப் பூச்சு மருந்தாக அமெரிக்காவில் 1988-இல் ஒப்புதல் பெற்றது. தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு சற்று மிகலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பெற்ற பலனும் போய்விடும். ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997-இல் இதற்காக ஒப்புதல் பெற்றது. சிலருக்கு அது தாம்பத்திய நாட்டத்தைக் குறைக்கிறது, மனச்சோர்வும் நேர்வதுண்டு. எனவே தோல் மருத்துவரின் ஆலோசனையின்றி அதைத் தொடுதல் கூடாது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையாளுதலும் ஆகாது. போட்டிகளில் பங்கேற்போர் ஒன்றை அறிந்திருப்பது நலம்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இம்மருந்தை 2005 முதல் தடைப்பட்டியலில் வைத்திருந்து, 2009-இல் நீக்கிவிட்டது.

பூச்சு மருந்து தலையில் ஊற ஏறத்தாழ நான்கு மணி நேரம் தேவை. மாலையில் பயிற்சி, பிறகு குளியல், இஷாத் தொழுகை முடிந்ததும் உலர்ந்த தலையில் மருந்து என்று ஒழுங்கு வகுத்துக்கொண்டால், வியர்வையும் அதைக் கரைக்காது; ஃபஜ்ருக்கு உளூச் செய்யும்போது மஸஹுக்கும் இடையூறு இராது. மருத்துவர் இருவேளை பூசச் சொல்லியிருந்தால், ஃபஜ்ருக்குப் பின் பூசினால் லுஹருக்குள் ஊறிவிடும். அதில் கரைப்பானாகச் சேரும் ஆல்கஹால் குறித்து ஐயமுடையோர் தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். ஐயத்திலேயே ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம்.

இறைவன் தந்ததை மாற்ற முயல்வது பொறுமையின்மை ஆகாதா என்று கேட்போரும் உளர். குஷ்டரோகி, வழுக்கைத் தலையர், பார்வையற்றவர் ஆகிய மூவரைப் பற்றி நபிகளார் (ஸல்) அவர்கள் கூறிய வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. வழுக்கைத் தலையர் அழகிய முடியை விரும்பினார். வானவர் தடவ, அது கிடைத்தது. முடியைக் கேட்டதற்காக அவர் பழிக்கப்படவில்லை. பின்னர் செல்வம் பெருகிய நிலையில், தம்மைப் போன்ற ஓர் ஏழையின் கோலத்தில் வந்தவருக்கு உதவ மறுத்து, பழைய நிலையையும் மறைத்தார், அங்கேதான் தோற்றார். குறையைப் போக்க முயல்வது வேறு, நன்றி மறப்பது வேறு என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. ஒருவர் தம் சொந்த மயிர்க்காலை இடம்மாற்றி நடும் சிகிச்சையைச் சமகால அறிஞர்கள் பலர் அனுமதிப்பதும், பிறர் முடியை ஒட்டிக்கொள்வதை மார்க்கம் தடுப்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை.

ஆயினும், அந்த இடமாற்றம் ஓர் அறுவை சிகிச்சை. 2016-இல் சென்னையில் அதற்குச் சென்ற இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். குறைந்த கட்டணத்தையும் விளம்பரத்தையும் நம்பாமல், மருத்துவரின் தகுதியையும் அவசர சிகிச்சை வசதியையும் விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். நாணயம் போன்ற வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்குப் புழு எதுவும் காரணமில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது அது. அதற்கும் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

இவை யாவும் இளைஞர்களுக்கு. ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. திருமண வீட்டிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் "சொட்டை" என்று அழைத்துச் சிரிப்பது நமக்கு வேடிக்கையாக இருக்கிறது. அல்ஹுஜுராத் அத்தியாயம் கேலியையும் பட்டப்பெயரையும் தடுத்திருப்பதை நாம் ஓதுகிறோம். ஆனால் தலையைப் பார்த்தவுடன் மறந்துவிடுகிறோம். பெண் பார்க்கும் வேளையில் மார்க்கப் பற்றும் நற்குணமும் உழைப்பும் கொண்ட மாப்பிள்ளையை முன்நெற்றியின் அகலத்தைக் கண்டு தட்டிக்கழிப்போரும் நம்மில் உண்டு. இளைஞர்களைப் போலி மருந்துக்காரர்களிடம் துரத்துவது வழுக்கையைக் காட்டிலும் இந்த நாவுகளே.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முன்தலையில் முடியில்லாதவராக இருந்தார்கள் என்பது முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பால் விளங்குகிறது. இளமையில் உக்காழ் சந்தையில் மல்யுத்தம் புரிந்தவர் அவர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அவருடைய வலிமையையும் நீதியையும் உலகம் பேசுகிறது. தலைமுடியை அளந்தவர் எவருமில்லை.

எனவே சகோதரர்களே, முடி மெலிவதாகத் தோன்றினால் இந்த மாதத்திலேயே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை செய்துகொள்வதும், மழித்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் உங்கள் உரிமை. மழித்த தலையுடன் வெயிலில் ஆடுவோர் தொப்பியோ வெயில் தடுப்புக் களிம்போ பயன்படுத்துங்கள். எவ்வழியைத் தேர்ந்தாலும் மாலைநேர ஓட்டத்தையும் ஆட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை முழுமையாகப் பேணும் நல்லறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.