குதிரும் குளிர்சாதனப் பெட்டியும்

மின்சாரம் இன்றி உணவைச் சேமிக்க இயலாது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் மறுப்பாரின்றிக் குடியேறிவிட்டது. சீர்வரிசையில் குளிர்சாதனப் பெட்டி இல்லையேல் முகம் சுளிக்கிறோம். வற்றலையும் கருவாட்டையும் வறியோர் பண்டம் என்று ஒதுக்குகிறோம். இது தவறான எண்ணம், ஆபத்தானதும்கூட.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டிகள் வெறும் அலமாரிகளாயின. உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற மண்ணிலேயே இந்நிலை நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

உணவு கெடுவதற்கு வாயில் ஈரமே என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நெல்லை உலர்த்திக் குதிரில் கொட்டி, பூச்சி அண்டாதிருக்க வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர். துவரைக்குச் செம்மண் கட்டினர். கொட்டை நீக்கிய புளியை உப்பிட்டுப் பானையில் அடைத்தனர். மீனின் நீரை உப்பு உறிஞ்சியது. எஞ்சியதை வெயில் வாங்கியது. ஊறுகாய்க்கு உப்போடு புளிப்பும் காவல் நின்றது. அடுப்பின் மேல் பரணில் இருந்த கருப்பட்டியைப் புகை காத்தது. இதைப் பழமை என்று எள்ளுவோர், இதிலுள்ள அறிவியலைக் காண மறுக்கின்றனர்.

"இவை தூய்மையற்றவை" என்பர் சிலர். அரைகுறையாகச் செய்தால் கேடு உண்டு என்பது உண்மையே. சரிவரக் காயாத நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சு படரும். வறுத்தாலும் அது முற்றிலும் நீங்காது. அதனாலேயே இவ்வறிவைப் பிழையின்றி அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க வேண்டும் என்கிறேன். பாலுக்கும் தடுப்பு மருந்துக்கும் குளிர்ச்சி தேவை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், வேறு வழியே அறியாதிருப்பது வசதியன்று, அடிமைத்தனம்.

"சேமிப்பது பேராசையல்லவா?" என்றும் கேட்பர். எகிப்தில் யோசேப்பு ஏழாண்டு வளத்தின் விளைச்சலைச் சேர்த்துவைத்தார். பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். உவமையில் வரும் செல்வனும் களஞ்சியங்களைப் பெரிதாக்கத் திட்டமிட்டான், தனக்காக மட்டும். சேமிப்பா, பதுக்கலா என்பதைக் களஞ்சியத்தின் கதவே சொல்லிவிடும்: பசித்தவன் தட்டும்போது அது திறக்கிறதா?

பெற்றோரே, வரும் பங்குனி வெயிலில் உங்கள் மகளோடு மகனையும் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். வற்றல் இடக் கற்றுக்கொடுங்கள். மின்கம்பம் சாய்ந்த நாளிலும் தம் வீட்டில் உலையேற்றி, அண்டை வீட்டாருக்கும் அவர்கள் சோறிடுவார்கள்.