வேகத்தடை யாருடைய தெருவுக்கு வரும்?

எங்கள் ஊருக்குள் மூன்று வேகத்தடைகள் இருக்கின்றன. ஒன்று மாரியம்மன் கோயில் எதிரில். இன்னொன்று பால் சொசைட்டி அருகில். மூன்றாவது, பள்ளியோ சந்திப்போ இல்லாத ஓர் இடத்தில், செல்வாக்குள்ள ஒருவரின் வீட்டு வாசலில். அதே தார்ச்சாலை அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் காலனியை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் அங்கன்வாடி, மறுபக்கம் குடிநீர்க் குழாய். இங்கே ஒரு வேகத்தடைகூட இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், குடத்தோடு சாலையைக் கடந்த என் அத்தையை ஒரு பைக் அடித்துப்போட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்ததால் அன்றிலிருந்து நடவுக்கும் போக முடியவில்லை, நூறு நாள் வேலைக்கும் போக முடியவில்லை. விசாரிக்க வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, “பார்த்து வரக்கூடாதாம்மா?” என்பதுதான். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பத்து முறை அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

வேகத்தடை கேட்டுக் காலனி மக்கள் மனு கொடுத்தார்கள். ஊராட்சியில் கேட்டால், சாலை எங்களுடையது அல்ல என்றார்கள். சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்தில் கேட்டால், ஊராட்சித் தீர்மானம் கொண்டுவாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுத்த மனு, நாங்கள் ஏற்கெனவே போய்த் திரும்பிய அதே அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. கடைசியில் கிராம சபையில் பேச்சு வந்தபோது ஊர்த் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து சொன்னார்: “அங்க வேகத்தடை போட்டா வண்டி மெதுவாப் போவணும். மெதுவாப் போனா நிறுத்தி வம்பு இழுப்பாங்க.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. தீர்மானமும் நிறைவேறவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வேகத்தடை கேட்பவர்களுக்கு என்ன வேண்டும்? தங்கள் வாசலில் வண்டி கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த நிதானம்தான் ஊருக்குப் பிரச்சினையாக இருக்கிறது. சேரி என்பது வேகமாகத் தாண்டிப் போக வேண்டிய இடம். அங்கே நிதானித்தால் மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். இன்னொரு வேகமும் உண்டு. திருவிழா, தலைவர்களின் விழா நாட்களில் கொடி கட்டிய பைக்குகள் சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு காலனிக்குள் பாய்வதைக் காலனியில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சாலை எங்களுடையது என்று அறிவிக்கும் வேகம் அது.

“எல்லாவற்றிலும் சாதியா? இது வெறும் போக்குவரத்துப் பிரச்சினை” என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்களிடம் நான் வரைபடத்தைத்தான் காட்டுவேன். ஊருக்குள் கோயில் திடல் இருக்கிறது, களம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, பிள்ளைகள் ஓடியாட உள்தெருக்கள் இருக்கின்றன. காலனிக்கு ஒதுக்கப்பட்டது ஊருக்கு வெளியே, சாலையோரம், இரண்டு மூன்று சென்ட் மனைகள். அங்கே முற்றம் கிடையாது. நெல் காய்வது, பிள்ளைகள் விளையாடுவது, கிழவிகள் உட்கார்ந்து பேசுவது, சாவு விழுந்தால் பந்தல் போடுவது எல்லாமே சாலையோரத்தில்தான். மற்றவர்களுக்குச் சாலையாக இருப்பது எங்களுக்கு வாசல். சாலையை ஒவ்வொரு முறை அகலப்படுத்தும்போதும் அந்த வாசல் சுருங்குகிறது, வேகம் கூடுகிறது.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பெயர்ப்பலகை மாறிய பிறகும் அதே குழாய், அதே சாலை, அதே வேகம் என்றால், மாறியது பலகை மட்டும்தான்.

தெருவுக்கும் நமக்குமான வழக்கு பழையது. 1893-இல் அய்யன்காளி தடையை மீறி வில்வண்டியில் பொதுச்சாலையில் போனார். 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகவே போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்றார். அதே 1924-இல் பொதுச்சாலைகளில் எல்லோரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தெருவில் நடக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தெருவை அடிபடாமல் கடக்கும் உரிமை இன்னும் மனு நிலையில் இருக்கிறது.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 17,884 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் வயது, பாலினம், எந்த வாகனத்தில் போனார்கள் என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது. அவர்கள் ஊரில் வாழ்ந்தார்களா சேரியில் வாழ்ந்தார்களா என்பது இல்லை. கணக்கெடுக்காத ஒன்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தடைகளே விபத்துக்குக் காரணமாகின்றன என்று பொறியாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை எங்கள் அனுபவமே சொல்லிக்கொடுத்தது. அத்தை அடிபட்ட மறுநாள் காலனிப் பையன்கள் ஆத்திரத்தில் மண்ணையும் கல்லையும் கொட்டி ஒரு மேடு போட்டார்கள். நான்கைந்து நாளில், கட்டட வேலை முடித்து இருட்டில் வந்த எங்கள் பையன் ஒருவனே அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். மறுநாள் நாங்களே அதை வெட்டி எடுத்தோம்.

அதனால்தான் விதிப்படியான வேகத்தடை கேட்கிறோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலே இருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேல்பகுதி வளைவாக இருக்க வேண்டும். அதன் மேல் வண்டிகள் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் போகலாம். வெள்ளைக் கோடும், முன்கூட்டியே எச்சரிக்கும் பலகையும், மேலே ஒரு விளக்கும் வேண்டும். வேகம் இரு மடங்கானால் மோதும் விசையாற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். 60-இல் அடிபடுவதற்கும் 30-இல் அடிபடுவதற்கும் இடையில்தான் பலருக்குச் சாவும் பிழைப்பும் இருக்கின்றன. அதற்குத் தேவைப்படுவது நான்கு அங்குலத் தார்.

இந்த நாட்டில் ஒரு தடுப்பு எழுவது கடினமான காரியம் ஒன்றும் இல்லை. உத்தப்புரத்தில் 1989-இல் தலித் மக்களைப் பிரித்து எழுந்த சுவர், ஒரு பகுதி இடிக்கப்பட 2008 வரை நின்றது. எங்களை விலக்க எழும் சுவரை யாரும் தொழில்நுட்ப ஆய்வுக்கு அனுப்புவதில்லை. எங்களைக் காக்கும் மேட்டுக்குத்தான் மூன்று அலுவலகங்களின் ஒப்புதல் வேண்டும்.

நகரத்துத் தோழர்களுக்கும் ஒரு சொல். குடியிருப்போர் நலச் சங்கங்கள் “எங்கள் தெரு அமைதியாக இருக்க வேண்டும்” என்று கேட் போட்டு, காவலாளி வைத்து, காய்கறி வண்டிக்காரரையும் தூய்மைப் பணியாளரையும் விசாரிக்கும் அமைதி வேறு. அது பொதுத்தெருவைத் தனியாருக்கு மாற்றுவது. நாங்கள் கேட்பது யாரையும் தடுத்து நிறுத்துவதல்ல. எல்லோரும் வாருங்கள், மெதுவாக வாருங்கள் என்பதுதான்.

செய்ய முடியாதது எதுவும் இதில் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. ஊரில் எத்தனை வேகத்தடை, காலனியில் எத்தனை என்று அந்தக் குழு ஊராட்சி வாரியாக எண்ணி வெளியிடட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பில் விதியை மீறி உயிர்போனாலோ ஊனமானாலோ பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அந்தப் பொறுப்பு சேரிச் சாலைக்கும் உண்டு என்று அடுத்த கிராம சபையில் உரக்கக் கேட்போம்.

இதை எழுதப்போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். “வேகத்தடை எல்லாம் நமக்குப் போட மாட்டாங்க. அந்தக் குழாயையாவது இந்தப் பக்கம் மாத்தச் சொல்லு, போதும்” என்றார். குழாயையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் “போதும்” என்ற அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்பதைக் குறைத்துக் குறைத்துத்தான் நம் தெரு இங்கே வந்து நிற்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களும் எண்ணிப் பாருங்கள். ஊரில் எத்தனை, சேரியில் எத்தனை. எண்ணிக்கையோடு கிராம சபைக்குப் போங்கள்.