யாரைப் பார்க்கணும்?



சென்ற மாதம் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் கட்டோடு சேர்க்காமல் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டுத் தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறது. எழுதியவர் கோவில்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறாராம். (அந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.) மகன் பொறியியல் கடைசி வருஷம். ஏர்ஃபோர்ஸில்தான் சேருவேன் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறான். கடிதத்தின் முடிவில் இரண்டு கேள்விகள்: 'இதுக்கு யாரைப் பார்க்கணும்? எவ்வளவு ஆகும்?'

அதற்கும் கீழே, எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதியதுபோல் பொடி எழுத்தில் இன்னொரு வரி. தாம்பரத்தில் ஆள் இருப்பதாக ஒருத்தர் சொல்கிறார், இரண்டு லட்சம் கேட்கிறார், பாதியை இப்போதே கொடுக்கணுமாம்.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது இல்லை. பத்திரப்பதிவு, வாரிசுச் சான்றிதழ், கல்லூரி இடம் என்று எதற்கும் நாம் முதலில் கேட்பது 'யாரைப் பார்க்கணும்' என்றுதானே? அதனால் என் அக்கா மகன் மூலம் நான் தெரிந்துகொண்டதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் 'தாம்பரத்து ஆள்'. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மையமும் இருக்கிறது. பொய்க்குள் இவ்வளவு உண்மை இருப்பதால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. இந்தத் தரகர்களின் கணக்கு எளிது. பத்துப் பையன்களிடம் முன்பணம் வாங்குவார்கள். யாருக்காகவும் எதுவும் செய்ய மாட்டார்கள். பத்தில் ஒருவரோ இருவரோ சொந்தத் திறமையில் தேறிவிடுவார்கள். 'பார்த்தீங்களா, முடிச்சுக் கொடுத்துட்டேன்' என்று அவர்களிடம் மீதியையும் கறந்துவிடலாம். தேறாதவர்களுக்குப் பணம் திரும்பினால் அது அவர்கள் அதிர்ஷ்டம். பையனின் உழைப்பை அவன் வீட்டுக்கே விலைபோட்டு விற்கிற வியாபாரம் இது.

அந்த ஆள் எந்த வேலைக்குப் பணம் கேட்டார் என்பதும் கடிதத்தில் இல்லை. 'ஏர்ஃபோர்ஸ் வேலை' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார். உள்ளே நுழைய வாசல்கள் வேறு வேறு. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் அக்னிவீரராகச் சேருவது ஒன்று. பதினேழரையிலிருந்து 21 வயது வரை உள்ளவர்களுக்கு. கணினித் தேர்வு, 1.6 கிலோமீட்டரை ஆண்கள் 7 நிமிடத்தில் ஓடி முடிக்கும் சோதனை, தண்டால், பிறகு மருத்துவப் பரிசோதனை. பணிக்காலம் 4 ஆண்டு. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும். இந்தக் கடைசி வரியை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்ட பிறகு பையன் விண்ணப்பம் போடட்டும் என்பது என் கட்சி. இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து 'ஏன் திரும்பி வந்தான்' என்று கேட்பது அவனுக்குச் செய்கிற அநியாயம்.

அதிகாரியாகச் சேருவது வேறு பாதை. பிளஸ் டூவோடு போவதற்கு என்டிஏ என்னும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. அதில் பெண்களும் தேர்வு எழுத 2021இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. பட்டப்படிப்போடு போவதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஏஎஃப்கேட் என்னும் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு. 100 கேள்வி, 300 மதிப்பெண், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். நம் ஊர்களில் பொறியியல் முடித்த பிள்ளைகளுக்கே இப்படி ஒரு வழி இருப்பது தெரிவதில்லை. 'மிலிட்டரி' என்றால் மைதானத்தில் வரிசையில் நின்று மார்பளவு எடுப்பது என்ற படம்தான் நம் மனசில். விமானப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிர்வாகக் கல்லூரி ஒன்று கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. அந்த மதில் ஓரமாகப் பஸ்ஸில் போய்வந்த எனக்கே அது உள்ளே என்ன என்று வெகுநாள் தெரியாது.

என் அக்கா மகன் ஏஎஃப்கேட் எழுதித் தேறினான். அடுத்து எஸ்எஸ்பி என்று எல்லோரும் சொல்கிற ஐந்து நாள் தேர்வு. மைசூருக்கு அழைப்பு வந்தது. ஐந்து நாளைக்கு ஐந்து சட்டை. அக்கா தானே இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியில் அடுக்கினாள். ஐந்து நாள் தேர்வுக்குப் போன பையன் மறுநாளே வாசலில் வந்து நின்றான். நான்கு சட்டைகள் வைத்த மடிப்பு மாறாமல் அப்படியே இருந்தன. அக்கா ஒன்றும் கேட்காமல் அவற்றை எடுத்து பீரோவில் திரும்ப வைத்தாள்.

விஷயம் இதுதான். முதல் நாளே ஒரு வடிகட்டல் உண்டு. அறிவுக்கூர்மைத் தேர்வு ஒன்று. அதன் பிறகு மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். அதில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று 4 நிமிடத்தில் கதையாக எழுத வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம் தன் கதையைச் சொல்லிவிட்டு, எல்லோருமாகப் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். இந்தக் கட்டத்தில் நடப்பதற்குத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'மீன் சந்தை'. குழுவில் இருக்கும் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் முடிவை வாசிப்பார்கள். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மார்பில் கட்டிய எண் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏன் எடுக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. கேட்கவும் முடியாது.

"நீ என்ன பேசினே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் பேசி முடிக்கட்டும்னு இருந்தேன் மாமா. அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. நாலு பேர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அவனுக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன். நம் வீடுகளில் நல்ல பிள்ளை என்றால் வாய் திறக்காத பிள்ளை. உறவினர் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படி வளர்த்துவிட்டு, மைசூரில் பதினான்கு அந்நியர்களுக்கு நடுவே இங்கிலீஷில் கருத்துச் சொல்லச் சொன்னால் எங்கே போவான்?

ஆனால் கத்தினால் தேறிவிடலாம் என்பதும் தப்பு என்று அவன் அடுத்த தடவை போனபோது தெரிந்தது. அந்தக் கும்பலில் அவனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பையன், பேச முடியாமல் திணறிய இன்னொருவனைக் காட்டி 'இவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்போம்' என்று மட்டும் இரண்டு தடவை சொன்னானாம். அவனை எடுத்துக்கொண்டார்கள். உச்சக் குரலில் கத்தியவனை அனுப்பிவிட்டார்கள். நம்மாளும் இந்த முறை உள்ளே.

மீதி நாட்களின் கதையை அவன் சொல்லி நான் மூன்று முறையாவது கேட்டிருப்பேன். திரையில் ஒரு வார்த்தை வரும், 15 விநாடிக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அடுத்த வார்த்தை வந்துவிடும். இப்படி 60 வார்த்தை. பன்னிரண்டு படங்களுக்குப் பன்னிரண்டு கதை, கடைசிப் படம் வெறும் வெள்ளை. வெள்ளைத் தாளில் தன் மனசில் இருப்பதைத்தான் எழுத முடியும், அதற்காகவே அது. பிறகு மைதானம். ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு கழி, கூட ஒரு பாரம். சிவப்புச் சாயம் பூசிய இடத்தைத் தொடாமல், தரையில் கால் படாமல், குழுவாக அக்கரை சேர வேண்டும். தலைவன் என்று யாரையும் போட மாட்டார்கள். யார் யோசனை சொல்கிறான், அது எடுபடாவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறானா, இல்லை அடுத்தவன் யோசனைக்குப் பலகை பிடிக்கிறானா என்று ஓர் அதிகாரி ஓரமாக நின்று குறித்துக்கொண்டே இருப்பார்.

நேர்முகத்தில் ராணுவம், விமானம் பற்றியெல்லாம் துளைத்தெடுப்பார்கள் என்று பயந்து போனவனிடம், பத்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மார்க்கையும், நண்பர்கள் யார் யார் என்பதையும், கைச்செலவுக் காசை என்ன செய்வாய் என்பதையும் கேட்டிருக்கிறார்கள். அப்பாவா அம்மாவா, யாரிடம் நெருக்கம், ஏன்? இவன் 'அம்மா' என்று சொல்லிவிட்டு, காரணம் சொல்லத் தெரியாமல் விழித்தானாம். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆக, நாம் யாரையும் போய்ப் பார்க்கிற ஏற்பாடு இல்லை இது. அவர்கள்தான் நம் பிள்ளையை ஐந்து நாள் உட்கார வைத்துப் பார்க்கிறார்கள். உளவியலாளர் ஒருவர், மைதான அதிகாரி ஒருவர், நேர்முகம் எடுப்பவர் ஒருவர். மூவரும் தனித்தனியே பார்த்துவிட்டுக் கடைசி நாளில்தான் கூடிப் பேசுகிறார்கள். இதில் இரண்டு லட்சத்தை யார் கையில் கொண்டுபோய்த் திணிப்பது?

அவனுக்கு விமானி ஆசைதான் முதலில். விமானிப் பிரிவுக்கு மட்டும் கணினி வழித் திறன் சோதனை ஒன்று தனியாக உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். அவனுக்கு மூடிக்கொண்டது. தொழில்நுட்பப் பிரிவுக்குப் பரிந்துரைத்தார்கள். விமானிக்கு உடலளவு விதிகளும் வேறு. உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். கால் நீளம் 99க்குக் குறையவும் கூடாது, 120ஐத் தாண்டவும் கூடாது. தொடை நீளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆபத்தில் இருக்கையோடு தூக்கி எறியப்படும்போது முழங்கால் முன்னால் இருக்கும் பலகையில் இடிக்கக் கூடாதே. போர் விமானத்தின் அறையைத் தைத்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுகிறார்கள், சட்டைக்கு அளவு எடுப்பதற்கு நேர்மாறு.

மருத்துவப் பரிசோதனைக்குப் பெங்களூரு. காதில் குறும்பி அடைத்திருந்தால்கூட நிறுத்தி வைப்பார்கள் என்று முன்னால் போனவன் சொன்னதால், இவன் ஊரிலேயே காதைச் சுத்தம் செய்துகொண்டு போனான். அங்கே இவனோடு நின்ற ஒருவனுக்கு நிறக்குருடு இருப்பது அன்றுதான் தெரிந்ததாம். புள்ளிகளுக்கு நடுவே எண் இருக்கும் அட்டையை இருபத்துமூன்று வயது வரை யாரும் அவனுக்குக் காட்டியதில்லை. பெற்றோர்களே, பிள்ளைக்கு இந்த ஆசை இருந்தால் பள்ளி நாளிலேயே கண் டாக்டரிடம் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, கல்லூரியில் அப்பா பெயரை விரித்து ஒரு மாதிரி. வடக்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மூன்றும் மூன்று ஆள். முன்கூட்டியே ஒன்றாக்கி வையுங்கள்.

அக்கா மகன் இவ்வளவையும் தாண்டினான். ஊரெல்லாம் செலக்ட் ஆகிவிட்டான் என்று சொல்லியாயிற்று. இறுதிப் பட்டியல் வந்தது. பெயர் இல்லை. பரிந்துரை, உடல்தகுதி எல்லாம் இருந்தும், இருக்கிற இடங்களுக்குள் மதிப்பெண் வரிசை எட்டவில்லை என்றால் இப்படி ஆகும். 'மெரிட் அவுட்' என்பார்கள். இதை எதிர்வீட்டு மாமிக்கு விளக்குவதற்குள் அக்காவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கலாம் கதையைச் சொன்னார்கள். டேராடூனில் 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது, பிறகு 2006இல் குடியரசுத் தலைவராகவே சுகோயில் பறந்தார் என்று. நானும் ஆரம்பித்தேன். "மாமா, நீங்க அஞ்சாவது ஆள்" என்றான். நிறுத்திக்கொண்டேன். ஆறுதலுக்குக்கூட அன்று ஒரு வரிசை எண் தேவையாக இருக்கவில்லை.

தரைப்பணிப் பிரிவுகளுக்கு 26 வயது வரை இடம் உண்டு. அடுத்த ஏஎஃப்கேட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான். கோவில்பட்டிப் பையனின் தொலைபேசி எண்ணை இவனிடம் கொடுத்தேன். இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் இங்கிலீஷில். ஒருவர் பேச ஒருவர் குறுக்கிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பக்கம் நன்றாகக் குறுக்கிடுகிறானாம்.

போன வாரம் அந்த அம்மாவே அலுவலகத்துக்குப் போன் செய்தார். முன்பணம் கொடுக்கவில்லை என்று முதலில் சொன்னார். விண்ணப்பக் கட்டணத்தைப் பையன் தானே கட்டிவிட்டான், இங்கிலீஷ் புத்தகம் பழைய புத்தகக் கடையில் கிடைத்துவிட்டது. பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஐயா, ஓடிப் பழக வெள்ளை கேன்வாஸ் ஷூ வேணும்னு சொல்றான். அது எவ்வளவு ஆகும்?"

அன்புடன்,
ஆசிரியர்